பழைய கண்ணாடி மக்: வயது என்ன? வாய் வைக்கலாமா?

அமெரிக்காவில் மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் பார்க்கப் போகிற அம்மாக்களுக்கு இது தெரிந்திருக்கும். சனிக்கிழமை காலை வந்தால் போதும், தெருவுக்கு இரண்டு வீட்டில் வாசலில் மேஜை போட்டு, வேண்டாத சாமான்களையெல்லாம் பரப்பி விடுவார்கள். ‘கராஜ் சேல்’ என்று அதற்குப் பெயர். பழைய துணி, புத்தகம், குழந்தை வண்டி, நாற்காலி என்று எல்லாம் இருக்கும். அதற்கு நடுவே ஒரு அட்டைப் பெட்டியில் கண்ணாடி மக்குகள் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்று பால் வெள்ளை, ஒன்று இளம் பச்சை, இன்னொன்றில் பூப்போட்ட டிசைன், வேறொன்றில் நாய்க்குட்டி படம்.

நமக்கென்னவோ பார்த்தால் சாதாரண காபி மக்தான். ஆனால் இவற்றைத் தேடிப் பிடித்துச் சேகரிக்கிறவர்கள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஏராளமாக இருக்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மக்குகளில் ஒன்று எண்பது வருஷப் பழசாக இருக்கும், இன்னொன்று போன வருஷம் செய்ததாக இருக்கும்!

“அழகா இருக்கு, பேத்திக்குப் பால் ஆத்திக் குடுக்கலாம்” என்று ஒன்றை எடுத்து வந்து விடுகிறோம். எடுப்பதில் தப்பில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். ‘இதன் வயது என்ன?’ என்பது முதல் கேள்வி. ‘இதில் வாய் வைத்துக் குடிக்கலாமா?’ என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் இரண்டாவதற்கும் கிடைக்கும். அதனால் வயதிலிருந்தே ஆரம்பிப்போம்.

கேக்கில் பிறந்த கண்ணாடி

அடுப்புச் சூட்டைத் தாங்குகிற கண்ணாடிப் பாத்திரம் சமையலறைக்கு வந்ததற்கு ஒரு இல்லத்தரசியும் காரணம் என்றால் நம்புவீர்களா? 1913ஆம் ஆண்டு. நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த விஞ்ஞானி ஜெஸ்ஸி லிட்டில்டன். அவர் மனைவி பெஸ்ஸி லிட்டில்டன். பெஸ்ஸி அம்மாளின் பேக்கிங் பாத்திரம் விரிசல் விட்டுப் போனது. “உங்க தொழிற்சாலையில்தான் சூடு தாங்கும் கண்ணாடி இருக்கிறதே, அதில் ஒன்று கொண்டு வாருங்களேன்” என்று கணவரிடம் கேட்டார். அவரும் பேட்டரி ஜாடி ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டு வந்து கொடுத்தார். அந்த அம்மாள் அதில் ஸ்பாஞ்ச் கேக் சுட்டார். கேக் பிரமாதமாக வந்தது, கண்ணாடியும் உடையவில்லை. இரண்டு வருஷத்தில், 1915ல், ‘பைரெக்ஸ்’ என்ற பெயரில் பாத்திரங்கள் கடைக்கு வந்து விட்டன.

அடுத்து வந்தது பஞ்ச காலம். 1929ல் அமெரிக்காவின் பங்குச் சந்தை சரிந்து, லட்சக்கணக்கான குடும்பங்கள் வேலையில்லாமல் திண்டாடின. பீங்கான் வாங்கக் கையில் காசில்லை. அப்போது ஒஹாயோ மாநிலத்தின் லங்காஸ்டர் ஊரில் இருந்த ஹாக்கிங் கண்ணாடிக் கம்பெனி, இயந்திரத்தில் அச்சு வைத்து வேகமாகக் கண்ணாடி செய்து, ஐந்து சென்ட்டுக்கு இரண்டு டம்ளர் என்று விற்றது. இதே கம்பெனி 1937ல் ஆங்கர் என்ற கம்பெனியோடு இணைந்து ‘ஆங்கர் ஹாக்கிங்’ ஆனது. இவர்கள் நாற்பதுகளின் தொடக்கத்தில் கொண்டு வந்த வகைதான் ‘ஃபயர்-கிங்’. இன்று மக் சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது இதைத்தான்.

இவை பணக்கார வீட்டு அலமாரிக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதை மறந்து விடக் கூடாது. மளிகைக் கடையிலும் இரும்புக் கடையிலும் விற்றார்கள். ஓட்ஸ் டப்பாவுக்குள் இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்கள். பெட்ரோல் பங்க்கிலும் பாங்கிலும் விளம்பரத்துக்காகக் கொடுத்தார்கள். நம் ஊரில் சோப்புப் பவுடருக்கு எவர்சில்வர் கிண்ணம் இலவசமாக வந்ததே, அது மாதிரி! அதனால்தான் இவற்றுக்குப் பில் கிடையாது, சான்றிதழ் கிடையாது. மக்கே தன் கதையைச் சொல்ல வேண்டும்.

முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

நகை வாங்கினால் முத்திரையைத் தேடுகிறோம் இல்லையா? அதே போல மக்கை வாங்கினால் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடி அச்சிலேயே எழுத்தோ குறியோ புடைப்பாக இருக்கும். நேராகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் ஓரமாக நின்று வெளிச்சம் சாய்ந்து விழும்படி திருப்புங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் ஒரு சிட்டிகை கோலமாவை விரலில் தொட்டு அடிப்பாகத்தில் லேசாகத் தடவி, ஊதி விடுங்கள். எழுத்தின் ஓரங்களில் மாவு தங்கி, வாசகம் பளிச்சென்று தெரியும்.

தனியாக ஒரு எண் மட்டும் இருந்தால் அதை வருஷம் என்று நினைத்து விடாதீர்கள். ‘37’ என்று இருந்தால் 1937 என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது எந்த அச்சில் வார்த்தார்கள் என்பதற்கான எண். தொழிற்சாலைக்காரர்களின் சௌகரியத்துக்காகப் போட்டது.

இனி முக்கியமான முத்திரைகளைப் பார்ப்போம்.

ஃபயர்-கிங்: வாசகம் நீளமாக நீளமாக வயது குறையும் என்று நினைவு வைத்துக் கொண்டால் போதும். நாற்பதுகளில் ‘ஃபயர்-கிங்’ என்றோ, ‘ஓவன் ஃபயர்-கிங் வேர்’ என்றோ சுருக்கமாக இருக்கும். ஐம்பதுகளில் அதோடு ‘மேட் இன் யூ.எஸ்.ஏ.’ சேர்ந்து கொண்டது. அறுபதுகளில் ‘ஆங்கர் ஹாக்கிங்’ என்ற பெயரும் நங்கூரக் குறியும் கூடவே வந்தன. ‘டிஷ்வாஷரில் போடலாம்’ என்ற பொருளில் வாசகம் இருந்தால் எழுபதுகள். எழுபதுகளின் நடுவில் ஃபயர்-கிங் தயாரிப்பையே நிறுத்தி விட்டார்கள். ஒரு அச்சு தேய்கிற வரை பழைய முத்திரையோடேயே வார்ப்பார்கள் என்பதால், இந்தக் கணக்கில் முன்னே பின்னே இரண்டு மூன்று வருஷம் தள்ளிப் பார்க்க வேண்டும். 

ஃபெடரல்: ஒரு கேடயத்துக்குள் ‘எஃப்’ எழுத்து இருந்தால் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரத்து ஃபெடரல் கண்ணாடிக் கம்பெனி. பக்கத்திலேயே ‘ஹீட் ப்ரூஃப்’ என்றும் இருக்கலாம். இந்தக் கம்பெனி 1900ல் தொடங்கி 1979ல் மூடப்பட்டது. ஆகவே இந்தக் கேடயம் இருந்தால் மக் நிச்சயமாக 1980க்கு முந்தியது. இதைப் போலச் சுலபமான கணக்கு வேறில்லை!

ஹேசல்-அட்லஸ்: பெரிய ‘ஹெச்’ எழுத்தின் கால்களுக்கு நடுவே சின்ன ‘ஏ’ எழுத்து உட்கார்ந்திருக்கும், அம்மா மடியில் குழந்தை மாதிரி. 1902ல் ஆரம்பித்த கம்பெனி. 1956ல் வேறொரு பெரிய கம்பெனி இதை வாங்கி விட்டது. இந்த முத்திரையோடு கிடைக்கும் மக்குகளில் பெரும்பாலானவை முப்பதுகள் முதல் ஐம்பதுகள் வரை உள்ளவை.

கிளாஸ்பேக்: பெயரையே எழுதியிருப்பார்கள். பென்சில்வேனியாவின் ஜெனட் ஊரில் இருந்த மக்கீ கம்பெனி 1917 முதல் இந்தப் பெயரில் பாத்திரம் செய்தது. 1961ல் இது ஜெனட் கண்ணாடிக் கம்பெனியின் கைக்கு மாறியது. அந்தக் கம்பெனியும் 1983ல் மூடப்பட்டது. பூவும் பழமும் போட்ட வெள்ளை மக்குகள் இதில் நிறையக் கிடைக்கும்.

பைரெக்ஸ்: இந்தப் பெயரை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. 1915 முதல் இன்று வரை இருக்கிற பெயர். கார்னிங் கம்பெனி 1998ல் தன் சமையலறைப் பாத்திரப் பிரிவை விற்று விட்டது. அதனால் பெயரோடு கூட ‘கார்னிங்’ என்றும் இருந்தால் அதற்கு முந்தியது என்று ஒரு அனுமானத்துக்கு வரலாம்.

வருஷம் எழுதியிருந்தால்?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பூனைப் படம் போட்ட ஒரு மக். ஓரத்தில் பொடி எழுத்தில் 1978 என்று இருக்கிறது.

“அம்மா, இது நான் பிறந்த வருஷத்து மக்! எவ்வளவு கேட்டாலும் குடுத்துடலாம்மா!” என்று மகள் குதிப்பாள்.

“இருடி, அது படம் வரைஞ்ச வருஷம். மக் செஞ்ச வருஷம் இல்லே” என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

கார்ஃபீல்ட் என்ற அந்தக் குண்டுப் பூனை, ஜிம் டேவிஸ் வரைந்த சித்திரத் தொடரில் 1978 ஜூன் மாதம் அறிமுகமானது. பதிப்புரிமைக்காக அந்த வருஷத்தைப் போட்டார்கள். ஆனால் மெக்டொனால்ட்ஸ் ஓட்டல்களில் அந்தக் கண்ணாடி மக்குகள் கொடுக்கப்பட்டது 1987ல். ஒன்பது வருஷ வித்தியாசம்! ஸ்நூபி நாய்க்குட்டி படம் போட்ட ஃபயர்-கிங் மக்குகளிலும் இதே கதைதான். அதில் இருக்கிற 1958, 1965 என்ற வருஷங்கள் படத்துக்கு உரியவை. ‘இதற்கு முந்தி செய்திருக்க முடியாது’ என்று மட்டுமே அந்த எண் சொல்லும்.

இதற்கு நேர்மாறாக, சில படங்கள் வருஷமே எழுதாமல் வயதைச் சொல்லி விடும். ஒரு சினிமா ஓடுகிற காலத்தில்தானே அந்த நட்சத்திரத்தின் படம் போட்ட காலண்டர் விற்கும்? முப்பதுகளில் ஷர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரம் அமெரிக்காவையே ஆட்டி வைத்தாள். அவள் முகம் வெள்ளையில் பதித்த கருநீலக் கண்ணாடி மக்குகளை, வீட்டீஸ் என்ற காலை உணவோடு இலவசமாகக் கொடுத்தார்கள். அவற்றை ஹேசல்-அட்லஸ் உள்ளிட்ட கம்பெனிகள் செய்து கொடுத்தன. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ‘ஹாபலாங் காசிடி’ என்ற குதிரை வீரன். 1955ல் தொலைக்காட்சியில் வந்த ‘டேவி க்ராக்கெட்’. அந்த வருஷம் அமெரிக்கச் சிறுவர்கள் அத்தனை பேரும் அவனைப் போலத் தோல் தொப்பி போட்டுக் கொண்டு அலைந்தார்கள். அப்போது வந்த பால் மக்குகளுக்கு வயது சொல்லப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஆனால் ஷர்லி டெம்பிள் மக்குகளில் பின்னாளில் போலி நிறைய வந்து விட்டது. படத்தின் முகக் கோடுகள் மங்கலாக, தடிப்பாக, அவசரத்தில் அச்சடித்தது போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

முத்திரையே இல்லையா?

கவலை வேண்டாம். வேறு சாட்சிகள் இருக்கின்றன.

விளம்பர மக் என்றால் அதில் உள்ள விலாசத்தைப் படியுங்கள். அமெரிக்காவில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1963ல். நம் பின்கோடு 1972ல் வந்த மாதிரி அவர்களுக்கு அது. விலாசத்தில் அந்த எண் இருந்தால் மக் 1963க்குப் பிந்தியது. மூடப்பட்ட கடை, பெயர் மாறிய பாங்க், நடந்து முடிந்த கண்காட்சி எல்லாமே காலம் சொல்லும்.

‘மைக்ரோவேவில் வைக்கலாம்’ என்று அடியில் இருந்தால் அது பழங்காலத்துச் சரக்கு அல்ல. மைக்ரோவேவ் அடுப்பு வீடுகளுக்குப் பரவலாக வந்ததே எழுபதுகளில்தான்.

பிடியைப் பாருங்கள். ஃபயர்-கிங் மக்குகளில் ‘டி’ எழுத்து மாதிரி, இரண்டு முனையும் மக்கோடு ஒட்டிய பிடி ஒரு வகை. ‘சி’ மாதிரி வளைந்தது இன்னொரு வகை. அடிப்பாகம் சற்றே ஒடுங்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிற மாதிரி இருந்தால் பெரும்பாலும் அறுபது, எழுபதுகளில் செய்தது. சின்னச் சின்னச் சமையலறைகளில் இடத்தை மிச்சப்படுத்த வந்த டிசைன் அது.

கடைசியாக, அடிவட்டத்தின் தேய்மானம். ஐம்பது வருஷம் மேஜை மேல் வைத்து எடுத்த மக்கில் மெல்லிய கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் ‘பழசாக்கிய’ மக்கில் கீறல்கள் ஒரே திசையில் போகும். அம்மிக் குழியையும் ஆட்டுக்கல்லையும் பார்த்தே வயது சொன்ன நமக்கு இது கஷ்டமா என்ன?

பச்சை நிறத்துக்கு வந்த யோகம்

சேகரிப்பவர்கள் மத்தியில் ‘ஜேடைட்’ என்று சொன்னாலே கண் மின்னும். மரகதமும் பாலும் கலந்த மாதிரி, இளம் பிஞ்சு வெள்ளரி நிறத்தில் ஒரு பச்சை. 1930 வாக்கில் மக்கீ கம்பெனி இந்த மாதிரிப் பச்சைக் கண்ணாடியைக் கொண்டு வந்தது. பிறகு ஜெனட் கம்பெனி செய்தது. நாற்பதுகள் முதல் ஃபயர்-கிங் பெயரில் ஆங்கர் ஹாக்கிங் இதை நாடு முழுவதும் கொண்டு போய்ச் சேர்த்தது. ஓட்டல்களுக்கென்றே தடிமனான ஜேடைட் மக்குகள் செய்தார்கள். அந்தக் காலத்துச் சாலையோர ஓட்டல்களில் காபி இதில்தான் வரும்.

பிறகு நெடுநாள் யாரும் சீந்தவில்லை. தொண்ணூறுகளில் மார்த்தா ஸ்டூவர்ட் என்ற புகழ்பெற்ற இல்ல அலங்கார நிபுணர் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் பத்திரிகையிலும் தன் ஜேடைட் பாத்திரங்களைக் காட்டினார். அவ்வளவுதான், விலை ஏற ஆரம்பித்து விட்டது! பாட்டி வீட்டுப் பரணில் கிடந்ததெல்லாம் பொக்கிஷமாகி விட்டது. புதிதாகவும் செய்ய ஆரம்பித்தார்கள். 2000ல் ஆங்கர் ஹாக்கிங் தானே மறுபடியும் பச்சைப் பாத்திரம் வார்த்து ‘ஃபயர்-கிங் 2000’ என்று முத்திரையிட்டது. பிறகு ஜப்பானிலும் ஃபயர்-கிங் பெயரில் மக்குகள் செய்தார்கள். அவற்றில் ஜப்பான் என்ற பெயர் இருக்கும். இவை போலி அல்ல. புதியவை, அவ்வளவுதான். புதியதைப் பழையதென்று சொல்லிப் பழைய விலை கேட்பவரிடம்தான் ஜாக்கிரதை வேண்டும்.

ஒரு சுவையான சங்கதி: முப்பதுகளில் செய்த மக்கீ, ஜெனட் பச்சைக் கண்ணாடியில் கொஞ்சம் யுரேனியம் சேர்ந்திருப்பதால், புற ஊதாக் கதிர் டார்ச்சை இருட்டில் அடித்தால் ‘பளீர்’ என்று பச்சையாக ஒளிரும். சேகரிப்பவர்கள் அந்த டார்ச்சைப் பையிலேயே வைத்திருப்பார்கள். அதிலிருந்து வரும் கதிர்வீச்சு மிகச் சொற்பம், பார்வைக்கு வைப்பதில் பயமில்லை. ஆனாலும் தினசரி காபிக்கு அதையா எடுக்க வேண்டும்? அலமாரியில் இருக்கட்டும்.

சரி, இதில் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

மக்கின் கண்ணாடியைப் பற்றி இப்போது பேசவில்லை. அதன் வெளிப்புறத்தில் இருக்கிற பூவும் பூனையும் எப்படி வந்தன? கண்ணாடித் தூளும் வர்ணமும் கலந்த பூச்சை மேலே அச்சடித்து, சூளையில் சுட்டு ஒட்ட வைத்தார்கள். மக் உருகாமல் பூச்சு மட்டும் உருக வேண்டுமே? அதற்காகக் குறைந்த சூட்டில் உருகும்படி பூச்சில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பளபளப்பாக வர காட்மியம் என்ற உலோகம் சேர்ப்பார்கள். இரண்டுமே உடம்புக்கு விஷம்.

“வெளியில்தானே இருக்கு, பால் உள்ளேதானே இருக்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குழந்தை எப்படிக் குடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கையாலும் மக்கைக் கட்டிப் பிடிக்கிறது. விளிம்பைக் கடிக்கிறது. வெளிப்புறத்தை நக்குகிறது. அதே கையால் பிஸ்கட்டை எடுத்து வாயில் போடுகிறது. பல வருஷம் கழுவித் தேய்ந்த பூச்சு, பொடிப் பொடியாகக் கையில் ஒட்டக் கூடியது. அதனால்தான் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டர் வரை உள்ள பகுதியை ‘வாய் படும் இடம்’ என்று தனியாகக் கணக்கிட்டு, அங்கே ஈயமும் காட்மியமும் கசிகிறதா என்று பரிசோதிக்கிற முறை வந்தது.

இது பழங்கதை என்றும் ஒதுக்க முடியாது. 2010 ஜூன் மாதம், ‘ஷ்ரெக்’ சினிமாப் படம் போட்ட கண்ணாடி டம்ளர்களை மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் டம்ளர்கள்! படத்தின் வர்ணத்தில் காட்மியம் இருந்ததே காரணம். 2017ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டர்னர் என்ற விஞ்ஞானி, புதியதும் பழையதுமாக 72 கண்ணாடிக் குவளைகளைச் சோதித்தார். 197 இடங்களில் அளந்ததில் 139 இடங்களில் ஈயமும், 134 இடங்களில் காட்மியமும் இருந்தன. சிலவற்றில் வாய் வைக்கிற விளிம்பிலேயே இருந்தன.

ஈயத்துக்கு ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடம்பு, உள்ளே போகிற ஈயத்தை நாலைந்து மடங்கு அதிகமாக இழுத்துக் கொள்ளும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தை என்றால் இன்னும் அதிகம். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பு, கவனம், நடத்தை எல்லாவற்றிலும் அதன் விளைவு தெரியும். வலி, காய்ச்சல் எதுவும் காட்டாமல் மெதுவாகச் சேரும் என்பதுதான் கொடுமை. கர்ப்பிணிகளும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தாயின் ரத்தத்தில் உள்ள ஈயம் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் போகும்.

பயந்து நடுங்க வேண்டாம். ஒரே ஒரு நாள் அப்படிப்பட்ட மக்கில் பால் குடித்ததால் குழந்தைக்கு ஆபத்து வந்து விடாது. தினமும் அதிலேயே கொடுப்பதுதான் தவறு. ஏற்கெனவே நெடுநாள் கொடுத்திருந்தால் குழந்தை டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒரு சாதாரண பரிசோதனை சொல்லி விடும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் காரணம் தேட வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ல் வரையறுத்தது.

வர்ணப் படம் எதுவும் இல்லாத, ஒரே நிறத்தில் வார்த்த மக்கில் இந்தப் பூச்சுப் பிரச்சினை கிடையாது. ஆகவே வாங்கும்போதே பிரித்து விடுங்கள்: படம் போட்டது பார்வைக்கு, படம் போடாதது பானத்துக்கு.

வீட்டில் கடைப்பிடிக்க

1. மக்கைக் கையில் எடுத்ததும் விளிம்பைச் சுற்றி விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லு நகத்துக்குத் தெரியும். பிடி ஒட்டும் இடத்தில் விரிசல் இருந்தால் வாங்கவே வேண்டாம். சூடான காபியோடு பிடி கையோடு வந்து விட்டால் என்ன ஆவது?

2. பழைய படம் போட்ட மக்கில் எலுமிச்சை ஜூஸ், தக்காளி ரசம், ஆரஞ்சுச் சாறு ஊற்றாதீர்கள். புளிப்பு ஈயத்தைச் சீக்கிரம் கரைக்கும். பூச்சு உதிர்ந்து மங்கிப் போயிருந்தால் எதற்குமே வேண்டாம்.

3. டிஷ்வாஷர் வேண்டாம். அதன் கார சோப்பும் சூடும் வர்ணத்தைத் தின்று விடும். மக்கின் மதிப்பும் போகும், உதிர்ந்த பூச்சு மற்றப் பாத்திரத்திலும் படும். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான துணியால் தனியாகக் கழுவுங்கள். கம்பி நாரும் தேய்க்கும் பவுடரும் கிட்டவே வரக் கூடாது.

4. ‘ஓவன்’ என்று அடியில் எழுதியிருக்கிறதே என்று காஸ் அடுப்பில் வைத்து விடாதீர்கள். அது கேக் சுடுகிற பெட்டி அடுப்பைக் குறிக்கும். நேரடி ஜ்வாலை பட்டால் வெடிக்கும். தங்க ரேக் போட்ட மக்கை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும்.

5. குளிர்ந்த மக்கில் கொதிக்கிற காபியைச் சட்டென்று ஊற்ற வேண்டாம். முதலில் வெந்நீரை ஊற்றிச் சுற்றிவிட்டுக் கொட்டுங்கள், பிறகு காபி.

6. கடையில் விற்கிற ஈயப் பரிசோதனைக் குச்சியில் நிறம் மாறவில்லை என்பதை வைத்து ‘பாதுகாப்பானது’ என்று முடிவு கட்டாதீர்கள். சுட்டுப் பதித்த பூச்சில் உள்ள ஈயம் அதில் சரியாகத் தெரியாமல் போகலாம்.

7. மக்கை வாங்கிய இடம், தேதி, அடி முத்திரை, உங்கள் கணிப்பு எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அலமாரியைத் திறக்கிறவர்களுக்கு அது உதவும்.

நம் பரணிலும் இருக்கலாம்

இது அமெரிக்கா போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். துபாய், குவைத், சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர்கள் கொண்டு வந்து கொடுத்த ‘ஆர்கோபால்’ வெள்ளைக் கண்ணாடி செட் எத்தனையோ வீடுகளில் இன்னும் அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது. பிரான்ஸில் 1958ல் அறிமுகமான பால் கண்ணாடி வகை அது. அடியில் ‘ஃப்ரான்ஸ்’ என்று இருக்கும். ‘விருந்தாளி வந்தால் எடுக்கலாம்’ என்று வைத்து, விருந்தாளி வந்தும் எடுக்காமலேயே இருபது முப்பது வருஷம் ஓடியிருக்கும்! அதற்கும் மேலே சொன்ன அதே விதிகள்தான். கவிழ்த்துப் பாருங்கள். முத்திரையைப் படியுங்கள். வர்ணம் எங்கே இருக்கிறது, வாய் எங்கே படுகிறது என்று கவனியுங்கள்.

பழைய சாமானில் அழகு உண்டு, அதைச் செய்தவர்களின் உழைப்பும் உண்டு. பஞ்ச காலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கௌரவமாகக் காபி குடிக்கக் கிடைத்த மக் என்றால் அதற்கு ஒரு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், வெளிச்சம் படுகிற தட்டில் வையுங்கள். பேனா போட்டு வைக்கலாம், ஒரு கொத்து மணிபிளாண்ட் வைக்கலாம். வருகிறவர்களிடம் அதன் கதையைச் சொல்லலாம். குழந்தையின் பாலுக்கு மட்டும், தினமும் தேய்த்துக் கழுவுகிற நம் எவர்சில்வர் டம்ளரே போதும். அது கீழே விழுந்தாலும் உடையாது!